டீ-ஷர்ட் போட்டால் கோச்

உடம்பு குறைக்கும் சென்டர் திறக்க ஒரு எடை மிஷின் வேண்டும், ஒரு மிக்ஸி வேண்டும், மாவு டப்பா அடுக்க ஒரு அலமாரி வேண்டும்; உடம்பைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரி எடை போடும் வே பிரிட்ஜில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவன். கம்ப்யூட்டர் வந்ததும் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரும்பை எடை போட்டவருக்கு மனுஷனை எடை போடத் தெரியாதா என்று சொல்லி, கவரைப்பேட்டையில் மெயின் ரோட்டு மேல் ஒரு மாடியில் இருக்கும் சென்டரில் காலை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். விடிந்ததும் கதவைத் திறக்க வேண்டும். வருகிறவர்களை மிஷின் மேல் ஏற்றி எடையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. மீதி நேரம் ஓரமாக நின்று நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குப் பேசத்தான் கூச்சம், எண்ணுவதற்குக் கூச்சமில்லை.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது இப்படி ஒரு இடத்தில், விடியற்காலையில், முன்னால் நின்று கத்தும் ஒருவரை நம்பிக் கையைக் காலைத் தூக்கிக் குதித்திருப்பீர்கள். உங்கள் முட்டியோ இடுப்போ அதை இன்னும் ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கும். நமக்குள் என்ன வெட்கம்? கேளுங்கள்.

சர்டிபிகேட்

சென்டரை நடத்துபவர் முரளி. முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றவர். அதற்கும் முன்பு பிளாட் விற்றவர். ஒரு வருடம் மாவைக் கரைத்துக் குடித்து, சோற்றைப் பாதியாக்கி, பத்தொன்பது கிலோ இளைத்தார். இளைத்த மறுமாதமே அடுத்தவர் உடம்பின் மேல் அவருக்கு அதிகாரம் வந்துவிட்டது. எல்லோரும் அவரைக் கோச் என்று கூப்பிட வேண்டும். ஒரு அம்மா தெரியாமல் டாக்டர் என்று கூப்பிட்டபோது அவர் திருத்தவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வாரம், மீஞ்சூரில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். "சார் எங்க டிரெய்னிங் எடுத்தீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். முரளி சுவரைக் காட்டினார். அங்கே பிரேமுக்குள் இரண்டு முரளிகள். ஒருவர் தொப்பையோடு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார். மற்றவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தார். வாத்தியார் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். முரளிக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் சொன்னார்: "இன்னா நைனா, இத்த உட இன்னா சர்டிபிகேட் வோணும் அவருக்கு? என் போட்டோ, என் ஒடம்பு, பிரேம் போட்ட டப்பு கூட என்னுது!"

உட்கார நேரமில்லாதவர்கள்

முரளியின் காலைப் பேச்சு தினமும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்களுக்காக யாரோ செல்போனில் பேசியதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "நாம எல்லாம் சேர்லயே வாய்ந்துகினு கீறோம். ஏசி ரூம்ல ஒக்காந்த எடத்துல வேலை. லிப்ட்ல ஏர்றோம், லிப்ட்ல எறங்கறோம். அதான் வெயிட்டு. இன்னியிலர்ந்து டெய்லி பத்தாயிரம் ஸ்டெப்பு." எதிரே நின்றவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று பேர். அதில் பத்தொன்பது பேர் கம்பெனி ஷிப்டில் நின்றுகொண்டே வேலை செய்பவர்கள். இரண்டு பேர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து, கண் பாதி மூடியபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இருவரில் ஒருத்தி, கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்கும் பெண். இரவெல்லாம் நின்ற கால் வீங்கி, செருப்பு வார் சதையில் அச்சுப் போட்டிருந்தது. முரளி அத்தனை பேரில் அவளைப் பார்த்துத்தான், "நீ ஒக்காந்துகினே இருக்கக் கூடாதும்மா, எய்ந்து நடக்கணும்" என்றார். அவள் கொட்டாவியை முழுசாக முடித்துவிட்டுப் பதில் சொன்னாள்: "சார், எங்க லைன்ல சேர் எங்க கீதுன்னு வந்து காட்டு. ஒரு தபா ஒக்காந்து பாத்துட்டு அப்பால எய்ந்துக்கறேன்."

வெள்ளரிக்காய் வெட்டு

சென்டரில் ஒரு வழக்கம் உண்டு. பத்து கிலோ குறைத்தவருக்கு விழா எடுப்பார்கள். கேக் ஆகாது என்பதால் வெள்ளரிக்காய் வெட்டுவார்கள். வெள்ளரிக்காயில் மெழுகுவத்தி நிற்காது. அதைத் தனியாக ஒரு டம்ளரில் கொளுத்தி வைப்பார்கள். எல்லோரும் கை தட்டும்போது, முதுகில் 'கோச்' என்று எழுதிய மஞ்சள் டீ-ஷர்ட்டை அவர் தலை வழியாக மாட்டிவிடுவார்கள். அவ்வளவுதான். மறுநாள் காலை முதல் அவர் முன்வரிசைக்குப் போய் மற்றவர்களைக் குதிக்க வைக்கலாம், வளைக்கலாம், முறுக்கலாம். ஸ்கூட்டர் லைசென்ஸுக்குக்கூட எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இங்கே வெள்ளரிக்காய் வெட்டினால் போதும்.

புனிதா தையல் கடை வைத்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வந்து வெள்ளரிக்காய் வெட்டினாள். சனிக்கிழமை வரை தன் இடுப்பு வலிக்கு என்ன செய்வதென்று முரளியைக் கேட்டுக்கொண்டிருந்தவள், திங்கட்கிழமை இருபது பேர் இடுப்புக்கு வைத்தியம் சொன்னாள். இரண்டு மாதமாக அவள் பக்கத்திலேயே நின்று குதித்த தோழிக்கு இது தாங்கவில்லை. "ஏய் புனிதா, நேத்து வரிக்கும் எந்தக் கால முன்னாடி வெக்கறதுன்னு என்னைப் பாத்துத்தானடி வெச்ச?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். புனிதா நல்ல பெண். கோபப்படாமல் உள்ளதைச் சொன்னாள்: "இன்னாடி பண்ணச் சொல்ற, டீ-ஷர்ட்ட மாட்டி உட்டாங்கோ. மாட்டனப்புறம் பின்னாடி நின்னா நல்லாவா இருக்கும்?"

கிரேன் ஆப்பரேட்டர்

தேசிங்கு வந்தது பொங்கல் கழிந்து சில வாரத்தில். நாற்பத்தாறு வயது. கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டுபவர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. ஆப்பரேட்டர் இரும்பு ஏணியில் ஏறிப் போய், மேலே தொங்கும் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வருடா வருடம் மெடிக்கல் உண்டு. இந்த வருடம் கம்பெனி டாக்டர் அவருடைய பிரஷரையும் எடையையும் பார்த்துவிட்டு மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே வராவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அன்று என் மிஷின் காட்டியது தொண்ணூற்றெட்டு கிலோ நானூறு.

சேரும்போதே முரளியிடம் அவர் சொல்லிவிட்டார், பைக்கிலிருந்து விழுந்ததில் இடது முட்டியில் பழைய அடி இருக்கிறது என்று. முரளி முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அது வெயிட்டால வர்ற வலிண்ணே. மேல கீற பாரம் போச்சுன்னா கீழ தானா சரியாப்பூடும்" என்றார். மிஷினிலிருந்து இறங்கியவரிடம், கிரேனை விட்டால் கம்பெனியில் வேறு வேலை தர மாட்டார்களா என்று மெதுவாகக் கேட்டேன். தேசிங்கு சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தருவாங்கோ நைனா. மேல கீற வரிக்கும் நான் ஆப்பரேட்டரு, எல்லாரும் என்னைப் பாத்து ஒதுங்குவான். கீழ எறங்கனா ஹெல்பரு, நான் எல்லாரையும் பாத்து ஒதுங்கணும்."

ஏறினால் தண்டனை

எடை குறைந்தவருக்குக் கைதட்டல் என்றால், ஏறியவருக்குத் தோப்புக்கரணம். நூறு கிராமுக்கு ஐந்து என்பது முரளியின் கணக்கு. நூறு கிராமுக்கு ஏன் ஐந்து, ஏன் நான்கு இல்லை, ஏன் ஆறு இல்லை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வயது என்ன, பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்கிற பழக்கமும் கிடையாது. கிராமைத்தான் கேட்பார்.

பக்கத்தில் இருக்கும் ஆரணியிலிருந்து காரில் ஒரு அம்மா வருவார். நெல் கழனி நிறைய உள்ள குடும்பம். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததில் அறுநூறு கிராம் கூடிவிட்டது. நான்தான் சொன்னேன், சொல்வது என் வேலை. முப்பது தோப்புக்கரணம் விழுந்தது. கழுத்து நிறைய நகையோடு காதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தவர், பதினொன்றாவதில் உட்கார்ந்த இடத்திலேயே தங்கிவிட்டார். புனிதாவும் இன்னொரு பெண்ணும் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினார்கள். "சூப்பர் மேடம்! இன்னும் பத்தொம்போதுதான்" என்றார் முரளி. அந்த அம்மா சேலையைத் தட்டிவிட்டு, மூச்சு வந்த பிறகு கேட்டார்: "ஏம்பா, எங்க கழனியில நான் கூலி குடுத்து ஆளுங்கள குனிய வெக்கறேன். இங்க காசையும் நானே குடுத்துட்டு நானே குனியணுமா?"

கொழுப்பு அழுகிறது

"வேர்வைன்னா இன்னா? கொழுப்பு அழுவுது!" இது முரளி அடிக்கடி சொல்லும் வாசகம். பங்குனி வெயில் ஆரம்பித்த பிறகு இதற்குக் கால் முளைத்தது. உருக்குப் பட்டறையில் பர்னஸ் முன்னால் வேலை செய்யும் ஒரு பையன் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று அவசரப்பட்டான். முரளி அவனுக்கு மழைக்கோட்டை மாட்டி, பட்டன் எல்லாம் போட்டு, சர்வீஸ் ரோட்டில் ஓடச் சொன்னார். ஓடிப் போனவன் ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தான். உதடு வெளுத்திருந்தது. கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கீழே டீக்கடைக்காரர் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றினார்.

முரளி அவனை அந்த நிலையிலேயே மிஷினில் ஏற்றினார். ஒரு கிலோ இருநூறு குறைந்திருந்தது. எல்லோரையும் கை தட்டச் சொன்னார். பையன் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். நான் அவனை மறுபடி மிஷினில் நிறுத்தினேன். போன கிலோ திரும்பி வந்திருந்தது. "அது வெறும் தண்ணி நைனா, அத்த கணக்குல சேக்காதீங்கோ" என்றார் முரளி. குறைந்தபோது மட்டும் அது கொழுப்பு. பையனுக்கு அதற்குள் பேச்சு வந்துவிட்டது: "டெய்லி எட்டு மணி நேரம் பர்னஸ் முன்னாடி வேர்த்து ஊத்துது கோச்சு. வேர்த்தா கொழுப்பு அழுவும்னா, எனக்கு இந்நேரம் எலும்பே ஒப்பாரி வெச்சிருக்கணும்."

கட்டைவிரல்

சென்டருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. கோச்சுக்குத் தெரியாததெல்லாம் அங்கே கேட்கப்படும். தெரியாத கோச்சே அங்கேயும் பதில் சொல்வார். ஆபரேஷன் செய்து குழந்தை பெற்று நான்கு மாதமான ஒரு பெண், வயிறு உள்ளே போகப் படுத்துக்கொண்டு காலைத் தூக்கும் பயிற்சி செய்யலாமா என்று புனிதாவிடம் கேட்டாள். புனிதாவுக்குப் பயம். அவள் அதைக் குரூப்பில் கேட்டாள். அரை நிமிடத்தில் முரளியிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். பின்னாலேயே மூன்று பேரிடமிருந்து மூன்று கட்டைவிரல்.

அந்தப் பெண் செல்போனை என் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள். நானும் பார்த்தேன். விரலைத் தவிர ஒன்றுமில்லை. அவள் அந்தப் பயிற்சியைச் செய்யவில்லை என்பது நல்ல சேதி. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவையே கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். படியில் இறங்கும் முன் இன்னொரு தடவை செல்போனைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இது சரின்றாரா நைனா, இல்ல கைநாட்டு வெக்கறாரா?"

ஒரு கால் எடை

இவர்கள் குதிக்கும் இடம் மாதிரி நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட் தரை, அதன் மேல் கல்யாண மண்டபத்தில் விரிக்கிற மாதிரி ஒரு மெல்லிய விரிப்பு. மற்றவர்கள் அரை மணி குதித்தால் தேசிங்கு ஒரு மணி குதிப்பார். அந்த மாதம் முரளி புதிதாக ஒரு வீடியோ பார்த்திருந்தார். முட்டியை மடக்கி உட்கார்ந்து அப்படியே தவளை மாதிரித் தாவித் தாவிச் சுவர் வரை போய்வர வேண்டும். தேசிங்கு வலிக்கிறது என்று சொன்னால், வலித்தால்தான் பலன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்த சுவரை முரளி தட்டிக் காட்டுவார். அந்தச் சுவருக்கு முட்டி கிடையாது.

ஒரு காலை தேசிங்கு மிஷினில் ஏறியபோது எண் நிற்காமல் ஆடியது. லாரிக்காரர்கள் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு எடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். ஏமாற்று இல்லை. இடது காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. எனக்குச் சட்டென்று வாய் வராது. அன்று வந்தது. "தேசிங்கு, இத்தோட நிறுத்துப்பா. குதிக்காத. ஆஸ்பத்திரியில போய்க் காட்டு" என்றேன். முரளி தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆஸ்பத்திரியில ரெஸ்ட் எடுன்னுவாங்கோ நைனா. ரெஸ்ட் எடுத்தா வெயிட்டு ஏறும். வெயிட்டு ஏறனா கிரேன்லர்ந்து நான் எறங்கணும். இன்னும் அஞ்சு வாரந்தான், கடிச்சிக்கினு ஓட்டிடறேன்."

ஐஸா, வெந்நீரா?

வீக்கத்தை மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். ஐஸ் வைக்க வேண்டும் என்றார் முரளி. எங்கள் அம்மா வெந்நீர்தான் ஊற்றுவார்கள் என்றாள் புனிதா. இரண்டு பேரும் கோச். யார் சொல்வதைக் கேட்பது? முரளிக்கு ஒரு யோசனை வந்தது. வகுப்பையே கேட்டுவிடலாம் என்றார். ஐஸ் என்பவர்கள் கை தூக்குங்கள், வெந்நீர் என்பவர்கள் கை தூக்குங்கள். எண்ணுவதற்கு நான் இருக்கிறேனே. ஐஸுக்குப் பதினொன்று, வெந்நீருக்கு ஒன்பது. ஒயர் கம்பெனிப் பெண் இரண்டுக்கும் கை தூக்கினாள். அவள் தூக்கத்தில் இருந்ததால் அதைத் தள்ளிவிட்டேன்.

இப்படியாக ஒரு மனிதனின் முட்டிக்கு என்ன வைத்தியம் என்பது இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. ஐஸ் வாங்கக் கீழே ஆள் அனுப்பினார்கள். ஐஸ் வைத்ததும் பத்து நிமிடத்தில் மறுபடி தவளை மாதிரித் தாவ வேண்டும் என்பதற்கு ஓட்டே எடுக்கவில்லை; அது முரளியின் சொந்த முடிவு. ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்த தேசிங்கு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முட்டி என்னுதாச்சே, எனக்கு ஓட்டு உண்டா இல்லியா?"

கோச்சுக்கு வந்த வலி

சித்திரையில் ஒரு நாள் தண்ணீர் கேனைத் தூக்கி வைக்கும்போது முரளிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்தான் கேனை வாங்கி வைத்தேன். ஓட்டெடுப்பு நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. மறுநாள் முதல் வாரம் முழுக்க ஒன்பது மணிக்கு ஆள் காணாமல் போனார். வகுப்பைப் புனிதா நடத்தினாள். திரும்பி வரும்போது மஞ்சள் டீ-ஷர்ட்டுக்குள் அகலமாக ஒரு பெல்ட் தெரிந்தது. வகுப்பில் யாராவது கேட்டால் அது புது ஸ்டைல் என்று சொல்லச் சொன்னார்.

பிறகுதான் தெரிந்தது, பொன்னேரியில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தார். தினம் இரண்டே பயிற்சி, மெதுவாக, அவர் கை பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறாராம். குதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். நம்மிடமே ஐஸ் இருக்கிறதே, வெந்நீர் இருக்கிறதே, சுவரில் வாசகம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. கேட்கக் கூச்சப்பட்டு, "அங்க எதுக்கு அவ்ளோ தூரம்?" என்று மட்டும் கேட்டேன். முரளி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவரு அதுக்குன்னே படிச்சவரு நைனா. நம்ம ஒடம்ப கண்டவன் கையில குடுக்க முடியுமா?"

மெடிக்கல்

தேசிங்கு ஐந்து வாரத்தையும் ஓட்டினார். கடைசி நாள் என் மிஷினில் இரண்டு காலையும் ஊன்றி, சுவரைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எண்பத்தெட்டு கிலோ நூறு. மறுநாள் கம்பெனியில் மெடிக்கல். எடை சரி. பிரஷரும் இறங்கியிருந்தது. டாக்டர் கை கொடுத்துப் பாராட்டினாராம். அப்புறம் வழக்கமாக ஏணி ஏறுகிறவர்களிடம் சொல்வது போல, ஒரு தடவை கீழே உட்கார்ந்து எழச் சொன்னார். தேசிங்கு உட்கார்ந்தார். எழவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நான் ஏறிக் காட்டுகிறேன் சார் என்று கெஞ்சி, ஏணி வரை அழைத்துப் போகச் சொன்னார். மூன்றாவது கம்பியில் கால் மடங்கிவிட்டது. கீழே நின்ற இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய அடி லேசாகத்தான் இருந்திருக்கிறது. அதன் மேல் குதித்துக் குதித்து முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. யார் குதிக்கச் சொன்னது என்று அங்கே கேட்டார்களாம். கோச் என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்ததாம். கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழே நின்று கிரேனுக்குக் கை காட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். மேலே கூண்டில் இப்போது வேறொருவர். தேசிங்கு சென்டர் படி வரை வந்து, ஏறாமல், கீழேயிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சேதி சொன்னார்: "வெயிட்டு பாஸ் நைனா. ஆளுதான் பெயிலு."

கைதட்டல்

முரளிக்கு இந்தக் கதையில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. பத்து கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறார், மெடிக்கலில் டாக்டரே கை கொடுத்திருக்கிறார். தேசிங்கின் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் சேர்த்துப் பிரேம் போட்டார். புதுப் போட்டோவில் முட்டிக்கு மேலே மட்டும் வெட்டி ஒட்டியிருந்தது. நான்கு தடவை போன் செய்து வரச் சொன்னார். ஐந்தாவது தடவை தேசிங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறி வந்தார். அவர் வந்து சேரும் வரை எல்லோரும் கை தட்டினார்கள். நீளமான கைதட்டல், பாதியில் சிலருக்குக் கை வலித்து நிறுத்திவிட்டார்கள்.

முரளி மஞ்சள் டீ-ஷர்ட்டை விரித்துப் பிடித்தார். "கிரேன் போனா போவட்டும்ணே. நாளையிலர்ந்து நீ கோச்சு. முன்னாடி சேர் போட்டு ஒக்காந்துகினே ஆளுங்கள குதிக்க வெக்கலாம்" என்றார். உண்மையாகவே உபகாரம் செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். கூட்டத்தில் முன்வரிசையில் ஒரு புது ஆள், ஐம்பது வயதிருக்கும், முட்டியில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தேசிங்கு அவரையே பார்த்தார். புனிதா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேசிங்கு டீ-ஷர்ட்டை வாங்கவில்லை. அந்தப் புது ஆளின் தோளில் கை வைத்து அவரை வரிசையிலிருந்து மெதுவாக வெளியே இழுத்து, நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு முரளியைப் பார்த்துச் சொன்னார்: "பதினாலு வருசம் கிரேன் ஓட்டினேன் கோச்சு. லோடுக்குக் கீழ ஒரு ஆளு நின்னாலும் மணி அடிப்பேன், அவன் ஒதுங்கற வரிக்கும் அசைக்க மாட்டேன். நீ ஆளு நிக்கறது தெரிஞ்சே அவன் தலை மேல எறக்கற, எறக்கிட்டு எல்லாரையும் கை தட்டச் சொல்ற."

கணக்குப் பார்த்தால் அந்த மாடிக்கு ஏறி வந்த எல்லோருக்கும் ஏதோ ஒன்று குறையத்தான் செய்தது. கோச்சின் வாய் மட்டும் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.